சாக்கு எண்ணவைத்த படம்



சங்க விழா அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘மறக்க முடியாத திரைப்படங்கள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். செயலாளர் தம்பி போனில் சொன்னது வேறு மாதிரி. “அண்ணே, பத்துப் படம் எடுத்துக்குங்க. படத்துக்கு ரெண்டு நிமிஷம். இருபது நிமிஷத்துல முடிச்சிரலாம். அதுக்கு மேல போனா பிரியாணி ஆறிடும்.” கணக்கு சரிதான். நானும் கணக்கு எழுதியே பிழைத்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மஸ்கட்டில் கட்டடக் கம்பெனிகளில் ஸ்டோர் கீப்பர். சிமென்ட் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, மீதி எத்தனை. அவ்வளவுதான் என் இலக்கியம். பத்துப் படம் எடுத்துவைத்து உட்கார்ந்தேன். எழுத எழுத ஒரே படத்திலேயே நின்றுவிட்டேன். மற்றதையெல்லாம் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் படம் எது என்று எனக்கு ஞாபகம் இல்லை. இடம் ஞாபகம் இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு டூரிங் டாக்கீஸ். தரை டிக்கெட். முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடை கட்டி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். நமக்குப் பின்னால் இருப்பவன் அதைவிட உயரமாகக் குவிப்பான். இடைவேளைக்குள் கொட்டகை முழுக்கச் சின்னச் சின்னக் குன்றாக இருக்கும். அங்கேதான் என் அப்பாயி ‘பாசமலர்’ பார்த்தது. 1961இல் வந்த படம் எங்கள் கொட்டகைக்குப் பல வருஷம் கழித்து, பல கீறலோடு வந்து சேர்ந்தது. அப்பாயிக்கும் அவர் தம்பிக்கும் ஒரு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. படம் பார்த்த மறுநாள் காலையில் அப்பாயி ஒரு மரக்கால் கடலையை முந்தானையில் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. ஊரே வாயில் விரலை வைத்தது. சினிமாவுக்கு அப்படி ஒரு சக்தி இருந்தது என்று சொல்லி இங்கே கைதட்டு வாங்கலாம்தான். ஆனால் அடுத்த மழைக்கு அதே வரப்பு, அதே சண்டை. ‘பாசமலர்’ மறுபடி வரவும் இல்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு என்று ஒரு படம் சொல்லவேண்டுமானால் ‘பராசக்தி’. வசனத்துக்காக எல்லோரும் சொல்வார்கள். நான் வேறொன்றுக்காகச் சொல்கிறேன். 1952இல் சிவாஜி கணேசன் திரைக்கு வந்ததே ஒரு வெளிநாட்டுத் தமிழனாக. ரங்கூனிலிருந்து தங்கச்சி கல்யாணத்துக்காகக் கப்பலேறி வந்து சென்னையில் இறங்குகிறார். இறங்கின சூட்டோடு கையில் இருந்ததையெல்லாம் பறிகொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கிறார். லீவில் ஊருக்குப் போய்வந்த யாரும் இதைக் கற்பனை என்று சொல்லமாட்டீர்கள். சிரிக்கிறீர்கள், போன மாதம்தான் போய்வந்தீர்கள் போலிருக்கிறது.

சரி, அந்த ஒரு படத்துக்கு வருகிறேன்.

1991. நான் வாடி கபீரில் ஒரு கேம்ப்பில் இருந்தேன். ஒரு அறைக்கு எட்டுப் பேர். நாலு இரும்புக் கட்டில், ஒன்றின்மேல் ஒன்று. எட்டுப் பேரும் சேர்ந்து காசு போட்டு ஒரு பழைய டெக்கும் டிவியும் வாங்கியிருந்தோம். வியாழக்கிழமை இரவு ரூவியில் ஒரு மளிகைக் கடையில் கேசட் எடுப்போம். அந்த வாரம் எங்களுக்கு வேண்டியது ‘சின்னத்தம்பி’. ஆறு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைக்காரர் கையை விரித்துவிட்டு, “இது இருக்கு, யாரும் எடுக்கறதில்லை, காசு வேணாம், சும்மா எடுத்துட்டுப் போங்க” என்று ஒரு கேசட்டைக் கொடுத்தார். மேலே பால்பாயின்ட் பேனாவில் ‘வீடு’ என்று எழுதியிருந்தது.

பாலு மகேந்திரா எடுத்து 1988இல் வெளிவந்த படம். தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது அதற்குத்தான். நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பாட்டு இல்லை என்று தெரிந்ததும் கீழ்க்கட்டில் பாய் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். சண்டையும் இல்லை என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு பேர்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், சிறியவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். சுதா என்று ஒரு பெண், ஆபீஸ் வேலை. தங்கை ஒருத்தி, பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர். வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள், இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்களாம். வாடகைக்கு அலைகிறாள், கட்டுப்படியாகவில்லை. கூட வேலைசெய்யும் பெரியவர் யோசனை சொல்கிறார்: வளசரவாக்கத்தில் இரண்டு மனை கிடக்கிறதே, ஒன்றை விற்று ஒன்றில் கட்டு. கட்ட ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் செங்கல், மணல், கம்பி, மழை, கடன்.

கடைக்கால் எடுக்கும் இடத்தில் பாய் போர்வையை விலக்கினார். கான்ட்ராக்டர் எஸ்டிமேட் போடும் இடத்தில் மேல்கட்டில் ஆட்கள் எல்லோரும் கீழே இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், பிளம்பர், எங்களில் மூத்தவர். அவர் டிவிக்கு ஒரு முழ தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, “ஏலே, இது எங்க வீட்டுக் கதையில்லா ஓடுது” என்றார்.

அது உண்மையில் எல்லோர் வீட்டுக் கதையும்தான். எட்டுப் பேரில் ஆறு பேருக்கு ஊரில் வீடு ஏறிக்கொண்டிருந்தது. வீடு கட்டுகிறவன் இங்கே, வீடு அங்கே. மாதம் ஒரு டிராஃப்ட் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். பதிலுக்கு போட்டோ வரும். பேஸ்மட்டம் ஒரு போட்டோ, நிலை வைத்தது ஒரு போட்டோ, லிண்டல் மட்டம் ஒரு போட்டோ. கட்டில் தலைமாட்டில் வரிசையாக ஒட்டிவைத்திருப்போம். ஒருவன் வீடு லிண்டலில் ஆறு மாதம் நின்றுவிட்டால் அவனுக்கு ஓவர்டைமை விட்டுக்கொடுப்பது அறையில் எழுதாத சட்டம்.

படத்தில் மங்கம்மா என்று ஒரு சித்தாள் வருவாள். ‘பசி’ சத்யா நடித்தது. கான்ட்ராக்டர் சிமென்ட்டைத் திருடி விற்கிறான் என்று போட்டு உடைப்பவள் அவள்தான். அந்தக் காட்சியில் அறையில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னமோ நான்தான் திருடியது போல. நான் ஸ்டோர் கீப்பர் அல்லவா. “அப்படித் திருட முடியுமாய்யா?” என்று கேட்டார்கள்.

முடியும். என் தொழில் ரகசியத்தை அன்றைக்கு அங்கே சொன்னேன், இன்றைக்கு இங்கேயும் சொல்கிறேன். ஒரு மூட்டை 50 கிலோ. கலவை போடும்போது ஒன்றுக்கு ஆறு என்று சொல்லிவிட்டு ஒன்றுக்கு ஒன்பது போட்டாலும் சுவர் சுவராகத்தான் நிற்கும். நிறம் கொஞ்சம் வெளுக்கும், அதைப் பூச்சு மறைத்துவிடும். கணக்கு நோட்டில் பத்து மூட்டை இறங்கியதாக இருக்கும், ஏழு கலந்திருப்பான். நோட்டை எத்தனை தடவை புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க ஒரே வழி காலிச் சாக்கு. அன்றன்றைக்குச் சாயங்காலம் பிரித்த சாக்கை எண்ணி வாங்கிக்கொள்ளவேண்டும். சாக்கு குறைந்தால் மூட்டை பிரிக்காமலே வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம்.

சொல்லி முடித்தபோது எங்கள் அறையில் படம் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆறு பேரும் மனசுக்குள் தங்கள் தங்கள் ஊரில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் தாத்தா காட்சி வந்தது. சொக்கலிங்க பாகவதர் என்ற அந்தக் கிழவர் பழைய நாடக மேடைக்காரர். எத்தனையோ பேர் நடித்து அழவைத்திருக்கிறார்கள், அவர் நடிக்கவே இல்லை. பாதி கட்டின வீட்டைப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வருகிறார். பூசாத சுவர். கதவில்லாத நிலை. உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிறார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும், பல் முளைக்காத பிள்ளையின் சிரிப்பு. திரும்பிப் போகிற வழியில் விழுந்து செத்துப்போகிறார். பின்னணியில் இளையராஜா. ‘ஹௌ டு நேம் இட்’ என்று 1986இல் அவர் தனியாகப் போட்ட இசைத்தட்டிலிருந்து எடுத்ததைத்தான் படம் முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். படத்துக்கென்றே போட்டது போல இருக்கும்.

அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். பீடிக்குப் போகிறார் என்று நினைத்தோம். அவர் அப்பாவுக்கு அப்போது எண்பது வயசு, வீடு லிண்டலில் நின்றது.

கடைசியில் குடிநீர் வாரியத்துக்காரர் ஒருவர் வந்து, இந்த இடத்தை எப்போதோ நாங்கள் எடுத்துக்கொண்டாயிற்று என்கிறார். சுதா கோர்ட்டு வாசலில் காத்திருக்கிறாள். படம் முடிந்துவிட்டது. பாய் டெக்கைத் தட்டினார், மீதிப் படம் எங்கே என்று.

இதற்கு ஒன்பது வருஷம் முன்னால் இதே பாலு மகேந்திரா ‘மூன்றாம் பிறை’ எடுத்தார். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி ரயில்வே ஸ்டேஷன், மழை, கமல்ஹாசன். ஆறு வருஷம் முன்னால்தான், திருத்திக்கொள்கிறேன், 1982. பாருங்கள், ஸ்டோர் கீப்பரே கணக்கில் சறுக்குகிறேன். அதைப் பார்த்து நான் அழுத அழுகைக்கு அளவில்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்து டீ குடித்ததும் சரியாகிவிட்டது. ‘வீடு’ பார்த்து எங்கள் அறையில் ஒருவரும் அழவில்லை. ஆனால் அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு ஏழு பேர் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதினோம். வீடு கட்டாத ஒருவன்கூடத் தங்கச்சி புருஷனுக்கு எழுதினான். எனக்கு ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பெரிய விமர்சனம் தெரியாது.

எழுதாத எட்டாவது ஆள் மட்டக்களப்புத் தம்பி. எலக்ட்ரீஷியன். படம் எடுத்தவர் பெயர் வந்தபோதே, “அண்ணே, இவர் எங்கட ஆள். அமிர்தகழி. எங்கட வீட்டிலயிருந்து சைக்கிளில போற தூரம்” என்று சொன்னான். ஏழு பேரும் எழுதும்போது மேல்கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நீயும் எழுதேன் என்றோம். “எந்த விலாசத்துக்கு எழுதிறது?” என்றான். கிழக்கில் 1990இல் மறுபடி சண்டை தொடங்கியிருந்த நேரம். அவன் தலைமாட்டில் போட்டோ எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவன் நான்.

அவன்தான் பிற்பாடு எனக்கு அந்தக் கதையைச் சொன்னது. பாலு மகேந்திரா பல மேடையில் தானே சொன்ன கதை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கித்துல்கலைக்குப் போயிருக்கிறார்கள். களனி ஆற்றங்கரையில் டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ எடுத்துக்கொண்டிருந்தார், 1957இல் வந்த படம். லீன் “ரெய்ன்” என்று குரல் கொடுத்தாராம். மழை கொட்டியது. மழையை வரவழைக்கிற ஒரு மனுஷன் இருக்கிறான், அவனுக்குப் பெயர் டைரக்டர் என்று அந்தப் பையன் மனசில் விழுந்துவிட்டது. பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனதும் ஒளிப்பதிவு படித்ததும் அதற்குப் பிறகு. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அப்படி மழையில் மயங்கின ஆள் ‘வீடு’ எடுக்கும்போது மழையை அழகுக்கு வைக்கவில்லை. வேலை நின்றுபோவதற்கு வைத்தார். சைட்டில் வேலை செய்தவனுக்குத்தான் மழை எப்படிப்பட்ட சனியன் என்று தெரியும்.

சின்ன வயசில் அவருடைய அம்மா வீடு கட்டியபோது அந்த வேலை அம்மாவை எப்படி மாற்றிப்போட்டது என்பதைப் பார்த்ததுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அதில் வீடு மட்டும் ஏறவில்லை, சுதாவின் முகமும் கூடவே இறுகிக்கொண்டு போகிறது. செட் போட்டு எடுக்கவில்லை. சாலிகிராமத்தில் நிஜமாகவே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே எடுத்தார்கள். பிற்காலத்தில் அவர் ‘சினிமா பட்டறை’ என்று பையன்களுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது எனக்கு வயிற்றெரிச்சல். அந்த வீடு நின்றது. ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனது. அவருடைய ‘சந்தியா ராகம்’ படமும் அப்படியே. சாகும்வரை அவர் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார், தமிழ்ப் படங்களுக்கு ஒரு காப்பகம் வையுங்கள் என்று. சிமென்ட் மூட்டையை எப்படி அடுக்கவேண்டும் என்று எங்களுக்குப் பாடம் உண்டு. தரையில் படாமல் பலகை போடு, சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளு, பத்து மூட்டைக்குமேல் உயரம் போகாதே, முதலில் வந்ததை முதலில் எடு, மூன்று மாதத்துக்குமேல் வைக்காதே. மழைக்கு உறைந்துபோகிற ஒரு மூட்டைச் சிமென்ட்டுக்கு இத்தனை பத்திரம். நான் ஸ்டோரில் ஒரு மூட்டை குறைத்துக் காட்டியிருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

அவருடைய கடைசிப் படம் ‘தலைமுறைகள்’, 2013. அவரே தாத்தாவாக நடித்தார். தமிழ் தெரியாத பேரனுக்குத் தாத்தா தமிழ் சொல்லிக்கொடுப்பார். நம் சங்கத்தின் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு காரிலேயே உட்கார்ந்து போன் பார்க்கும் அப்பாக்களுக்கு அந்தப் படத்தைச் சிபாரிசு செய்கிறேன். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

பொருளாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

என் வீட்டுக் கதையைக் கேட்பீர்கள். என் கடிதம் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் தளம் போட்டு முடித்துவிட்டார்கள். ஒரு மேஸ்திரியிடம் விட்டிருந்தோம், பெயர் வேண்டாம். அடுக்களையில் வடகிழக்கு மூலை இன்றைக்கும் ஒழுகுகிறது. ஐப்பசியில் என் வீட்டுக்காரம்மா அந்த மூலையில் அண்டாவை வைத்துவிட்டு இங்கே எனக்குப் போன் போடுவார்: “ஒங்க படம் ஆரம்பிச்சிருச்சு.”

அண்ணாச்சி கடிதம் சரியான நேரத்தில் போய்விட்டது. என்ன எழுதினார் என்று எங்களுக்கு வாசித்தே காட்டினார். இனிமேல் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பவேண்டாம், காலிச் சாக்கைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. உள்ளே ஒரே ஒரு போட்டோ. முற்றத்தில் சிமென்ட் சாக்கை வரிசை வரிசையாக விரித்துப் போட்டிருந்தது. ஓரத்தில் அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா நின்றார்கள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. படம் எடுத்தவர் எவ்வளவு சொல்லியும் திரும்பமாட்டேன் என்றிருப்பார்கள் போல. இந்த மனுஷன் ஆறு வருஷமாக ஒழுங்காக ஒரு கடிதம் எழுதாமல் இப்போது சாக்கு எண்ணச் சொல்கிறாரே என்ற கோபம் அந்த முதுகில் அப்படியே இருந்தது.

அண்ணாச்சி போட்டோவை என்னிடம் நீட்டினார். ஸ்டோர் கீப்பர், எண்ணு. கணக்குப்படி எண்பத்துநாலு வரவேண்டும். டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, அறையே சுற்றி நின்று எண்ணினோம். மூன்று தடவையும் எழுபத்தொன்பதுதான் வந்தது. அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. கான்ட்ராக்டரை என்ன செய்யலாம் என்று பாய் ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்தார். மட்டக்களப்புத் தம்பிதான் போட்டோவை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது:

‘மீதி அஞ்சு சாக்கு மாடியில வத்தல் காயுது. வேணும்னா வந்து எண்ணிக்கிடுங்க.’